பூசுவதற்கு முன் ஒரு சுரண்டல்

திருப்பூரில் சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் கைக்கு வந்ததும் மளிகைக் கடையில் ஒரு கூட்டம், மருந்துக் கடையில் ஒரு கூட்டம். மருந்துக் கடையில் கொஞ்சம் ஒதுங்கி நிற்கிறவர்கள் சிலர் இருப்பார்கள். மற்றவர்கள் வாங்கிக்கொண்டு போகட்டும் என்று காத்திருந்து, கடை காலியானதும் குரலைத் தாழ்த்தி, “அரிப்புக்குப் போடற டியூப் ஒண்ணு குடுங்ணா” என்பார்கள். எங்கே அரிப்பு, எத்தனை நாளாக என்று கடையில் கேட்க மாட்டார்கள். கேட்டாலும் இவர்களால் சொல்ல முடியாது. டியூப் கைமாறும், அவ்வளவுதான்.

நான் இந்த ஊரில் லேப் டெக்னீசியனாக இருக்கிறேன். ரத்தம், சிறுநீர், சளி எல்லாம் பார்க்கிற சாதாரண லேப். தோல் டாக்டர்கள் எழுதி அனுப்புகிற, தோலைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிற செதில் பரிசோதனையும் எங்களிடம் வரும். படர்தாமரை என்று வருகிற ஆட்களில் அநேகமாக எல்லாருமே எங்களிடம் வருவதற்கு முன் மாதக்கணக்கில் எதையாவது பூசிவிட்டுத்தான் வருகிறார்கள். இந்த நோயைப் பற்றிக் கொஞ்ச வருடங்களாக நடந்துவரும் ஆராய்ச்சிகளைத் தேடித் தேடிப் படிக்கிறேன். படிக்கப் படிக்க ஒரே ஒரு விஷயம்தான் மனதில் அழுத்தமாக நிற்கிறது. பூசுவதற்கு முன் பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு வழி இருக்கிறது, அதுவும் மலிவான வழி. அதைத்தான் இங்கே யாரும் செய்வதில்லை.

படர்தாமரையை உண்டாக்குவது பூஞ்சை. தோலின் மேலடுக்கிலும் முடியிலும் நகத்திலும் இருக்கிற கெரட்டின் என்ற புரதம்தான் அதற்குச் சாப்பாடு. ஒரு புள்ளியில் பிடித்துக்கொண்டு வெளிப்பக்கமாகத் தின்றுகொண்டே போகும். பின்னாலேயே உடம்பு அதை எதிர்த்து நடுப்பகுதியைத் தெளிய வைத்துக்கொண்டு வரும். ஓரம் தடித்துச் செதில் விட்டு, நடு கொஞ்சம் தெளிந்து வளையமாகத் தெரிவது அதனால்தான். சூடு, ஈரம், உரசல் மூன்றும் சேர்ந்த இடம் அதற்கு ரொம்பவும் பிடிக்கும். தொடையிடுக்கு, இடுப்பில் பாவாடை நாடா கட்டும் இடம், அக்குள், மார்புக்குக் கீழ் மடிப்பு.

எங்கள் ஊர் வாழ்க்கையை இதனோடு சேர்த்துப் பாருங்கள். காலையில் எட்டரைக்கு ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தால் ஒன்றரை ஷிப்ட் முடிந்து எழுந்திருக்க ராத்திரி எட்டரை. தகரக் கூரைக்குக் கீழே, அயனிங் டேபிளின் ஆவிக்குப் பக்கத்தில், இறுக்கமான லெக்கின்ஸோ ஜீன்ஸோ போட்டுக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்த இடம். வீடு என்றால் லைன் வீடு. வரிசையாக ஒற்றை அறைகள், பொதுக் குளியலறை, ஒரே கொடிக் கயிறு. குழாயில் தண்ணீர் வருவது சில நாளைக்கு ஒரு தடவை. மழைக்காலத்தில் உள்ளாடை அறைக்குள்ளேயே அரைகுறையாகக் காயும். இரண்டு ஷிப்ட் ஆட்கள் ஒரே பாயை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிற அறைகளும் உண்டு. பல்லடம், சோமனூர் தறிக்காரர்களுக்கும் பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கத்துக்காரர்களுக்கும் கதை இதேதான்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். “வடக்கே இருந்து வந்தவங்கதான் கொண்டாந்தாங்க” என்று இங்கே சர்வசாதாரணமாகப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சு எனக்குச் சுத்தமாகப் பிடிப்பதில்லை. இந்தப் பூஞ்சை நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. ஊர் விட்டு ஊரே போகாத ஆட்களிடமும் தினமும் பார்க்கிறேன். பத்துப் பேர் ஒரே அறையில் படுக்க வேண்டிய நிலை யாருக்கு வந்தாலும் அவர்களுக்குத் தொற்றும். ஒடிசாவிலிருந்து வந்த பையனுக்கும் தாராபுரத்திலிருந்து வந்த பெண்ணுக்கும் தோல் ஒன்றுதான்.

இனி அந்த டியூப்புக்கு வருவோம். அட்டையைத் திருப்பி, உள்ளே என்னென்ன மருந்து என்று பொடியெழுத்தில் போட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள். பூஞ்சைக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு ஒன்றோ இரண்டோ, கூடவே ஸ்டீராய்டு. பல டியூப்களில் அந்த ஸ்டீராய்டு குளோபெட்டசால். வெளிப்பூச்சு ஸ்டீராய்டுகளிலேயே அதிக வீரியமுள்ள வகை அது. போட்ட இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், தடிப்பு இறங்கும். ஆனால் அடங்கியது பூஞ்சை கிடையாது. அதை எதிர்த்துக்கொண்டிருந்த உடம்பின் எதிர்ப்புதான் அடங்கியிருக்கும். காவல் போன இடத்தில் பூஞ்சை நிம்மதியாகப் பரவும். நிறுத்தின உடனே முன்பைவிட அதிகமாகக் கிளம்பும்.

செக்கிங் செக்‌ஷனில் வேலை செய்கிற ஒரு பெண் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “போட்டா ரெண்டு நாள்ல நல்லாயிருதுங்க்கா. உட்டா மறுபடி வந்துருது. இப்ப அதில்லாம இருக்க முடியறதில்லீங்க.” அவருடைய தொடையில் வளையம் என்று சொல்ல எதுவுமே மிஞ்சவில்லை. ஓரம் கலைந்து, ஒரு வட்டத்துக்குள் இன்னொரு வட்டமாக, இடையிடையே வெளுத்த கோடுகள். வட்டத்துக்குள் வட்டம் வருவது ஸ்டீராய்டு போட்ட படர்தாமரைக்கு ஓர் அடையாளம் என்று தோல் டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்த வெளுத்த கோடுகள் தோல் மெலிந்து உள்ளே கிழிந்த வரித் தழும்பு. பூஞ்சையை ஒழித்துவிடலாம், தழும்பு போகாது. கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிற வயதுப் பெண் அவர். தழும்பு போகாது என்று அவரிடம் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்தது.

2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு மருந்துகளின் வெளிப்பூச்சு வகைகளை ஷெட்யூல் எச் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பது அதற்கு அர்த்தம். சட்டம் வந்துவிட்டது, நல்லது. சனிக்கிழமைக் கூட்டத்தில் யார் சீட்டு கேட்கிறார்கள்?

ஸ்டீராய்டு என்றாலே கெட்டது என்று சொல்லிவிட்டுப் போகவும் மனம் ஒப்பவில்லை. 1952-ல் சல்ஸ்பர்கர், விட்டன் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் ஹைட்ரோகார்ட்டிசோனைத் தோலில் பூசிப் பலன் கண்டதை வெளியிட்ட பிறகு, கரப்பான் நோயாளிகளின் வாழ்க்கையே மாறிப்போனது. எங்கள் ஊரிலேயே அது தேவைப்படுகிறவர்கள் நிறையப் பேர். சாயப்பட்டறையில் காஸ்டிக் சோடாவிலும் பெராக்சைடிலும் கை வைத்து வேலை செய்கிறவர்களுக்கு உள்ளங்கை வெடித்து, விரலிடுக்கில் தோல் உரிந்து எரியும். அது பூஞ்சை கிடையாது, ரசாயனம் பட்டு வந்த தோல் அழற்சி அல்லது ஒவ்வாமை. அவர்களுக்கு டாக்டர் மேற்பார்வையில் ஸ்டீராய்டு பூச்சுதான் சரியான மருந்து. ஒவ்வாமை என்றால் எந்தச் சாயம், எந்தப் பொருள் என்று கண்டுபிடிக்க ஒட்டுப் பரிசோதனை இருக்கிறது. சந்தேகப்படுகிற பொருட்களைத் துளித்துளியாக முதுகில் ஒட்டிவிட்டு, 48 மணி நேரம் கழித்து எடுத்து, எந்த இடம் சிவக்கிறது அல்லது தடிக்கிறது என்று பார்ப்பார்கள். ஜெர்மானிய மருத்துவர் யாடாசோன் 1895-லேயே காட்டிய முறை, இன்றைக்கும் அதுதான். ஆக, பக்கத்துப் பக்கத்து அறையில் இருக்கிற இரண்டு பேருக்கு ஒரே மாதிரி அரிப்பு. ஒருவருக்கு மருந்து, மற்றவருக்கு விஷம். கண்ணால் பார்த்து மட்டும் எப்போதும் பிரித்துச் சொல்லிவிட முடியாது.

பிரித்துச் சொல்ல நாங்கள் செய்கிற வேலை ரொம்பவே எளிமையானது. வளையத்தின் ஓரத்தை, பூஞ்சை உயிரோடு முன்னேறிக்கொண்டிருக்கிற அந்த விளிம்பை, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டு மழுங்கின பிளேடால் மெதுவாகச் சுரண்டுவேன். வலிக்காது, ரத்தம் வராது. உதிர்கிற செதிலை ஸ்லைடில் ஏந்தி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு சொட்டு விட்டு, கவர் ஸ்லிப் மூடி, கொஞ்ச நேரம் விட்டுவிடுவேன். அவசரம் என்றால் ஸ்பிரிட் விளக்கில் லேசாகக் காட்டலாம், கொதிக்க விடக் கூடாது. அந்தக் காரம் தோல் செல்களை ஒன்றோடொன்று பிணைத்திருப்பதை எல்லாம் கரைத்துத் தெளிய வைத்துவிடும். பூஞ்சையின் சுவர் அவ்வளவு சீக்கிரம் கரையாது. மைக்ரோஸ்கோப்பில் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு பார்த்தால், மங்கலான செல்களுக்குக் குறுக்கே, செல் எல்லைகளைப் பொருட்படுத்தாமல், நீளமாக, கிளை பிரிந்து, இடையிடையே தடுப்புப் போட்டுக்கொண்டு இழைகள் ஓடும். லேசான பச்சைப் பளபளப்பு இருக்கும். சில இழைகள் துண்டு துண்டாக உடைந்து மணி கோர்த்தாற்போல் நிற்கும். அந்த மணிகள்தான் அடுத்த ஆளுக்குத் தொற்றுகிறவை. உதிர்ந்த செதிலுக்குள் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடியவை.

திருப்பூரில் இந்த வேலை செய்கிறவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. பஞ்சு. காற்றில், உடையில், முடியில், தோல் மடிப்பில் எங்கும் பஞ்சுத் தூசி. சுரண்டும்போது செதிலோடு பஞ்சு இழையும் ஸ்லைடுக்கு வந்துவிடும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அதைப் பூஞ்சை என்று எழுதிவிடக்கூடும். பஞ்சு இழை தட்டையாக, நாடா போல அங்கங்கே முறுக்கிக்கொண்டு இருக்கும், அகலம் அதிகம், இடையில் தடுப்பு இருக்காது, செதிலுக்குள் ஊடுருவாமல் மேலே கிடக்கும். ஃபோகஸைக் கொஞ்சம் ஏற்றி இறக்கினால் இரண்டும் வேறு வேறு தளத்தில் இருப்பது தெரிந்துவிடும். நான் சொல்லிக்கொடுக்கிற பிள்ளைகளுக்கு முதலில் கட்டிங் டேபிளிலிருந்து பஞ்சு எடுத்துவந்து ஸ்லைடு போட்டுக் காட்டிவிடுவேன். அதைக் கண் பழகிக்கொண்டால் அப்புறம் குழப்பம் வராது.

இன்னொன்றும் ஸ்லைடில் தெரியும். ஸ்டீராய்டு பூசிவந்த தோலில் வெளியே தடிப்பு கம்மியாக இருக்கும், உள்ளே இழைகள் அடர்ந்து கிடக்கும். முதன்முறை பார்த்தபோது திகைத்துப்போனேன். கண்ணுக்கு ஆறின மாதிரி தெரிகிற தோலில் அவ்வளவு பூஞ்சை.

இந்த ஸ்லைடு பரிசோதனைக்கு ஒரு குறை இருக்கிறது. பூஞ்சை இருக்கிறதா இல்லையா என்று சொல்லும், எந்தப் பூஞ்சை என்று சொல்லாது. முன்பு அது பெரிய குறையாக இருக்கவில்லை. எந்த இனமாக இருந்தாலும் டெர்பினஃபைன் என்ற பூஞ்சை மருந்தைக் கொடுத்தால் கேட்டது. பூஞ்சையின் செல் சவ்வுக்கு எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பு வேண்டும். அதைத் தயாரிக்கிற வழியில் ஸ்குவாலின் எபாக்சிடேஸ் என்ற நொதி இருக்கிறது. டெர்பினஃபைன் அந்த நொதியை அடைத்துவிடும். பல வருடம் நன்றாகவே வேலை செய்த மருந்து.

டெல்லி வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தின் அனுராதா சௌத்ரி குழுவினர் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், நோயாளிகளிடமிருந்து எடுத்து வளர்த்த பூஞ்சைகளில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு டெர்பினஃபைனுக்கு அடங்கவில்லை. காரணத்தையும் கண்டுபிடித்தார்கள். அந்த நொதிக்கான மரபணுவில் மாற்றம். முக்கியமாக, புரதத்தின் 397-ஆம் இடத்தில் ஃபினைல்அலனின் இருக்க வேண்டிய இடத்தில் லூசின் வந்து உட்கார்ந்திருந்தது. ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியதில் மருந்து பிடிக்க வேண்டிய இடம் போய்விட்டது. 2020-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள், தங்கள் நாட்டில் சிகிச்சைக்கு வந்த ஒரு நேபாளியிடமும் ஓர் இந்தியரிடமும் எடுத்த, இதே மாதிரி டெர்பினஃபைனுக்கு அடங்காத பூஞ்சையை ஆராய்ந்து, இது தனி இனம் என்று ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே எனப் பெயர் வைத்தார்கள். 2023 மே மாதம் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் நியூயார்க்கில் இரண்டு பெண்களுக்கு இது வந்ததை அறிவித்தது. ஒருவருக்கு வங்காளதேசத்தில் இருந்தபோது தொடங்கியது. மற்றவர் அண்மையில் எந்த வெளிநாட்டுக்கும் போகாதவர். ஆக, அங்கேயும் ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவத் தொடங்கியிருக்கலாம்.

ஸ்டீராய்டு கலந்த பூச்சும் பாதியில் விட்ட மாத்திரையும்தான் இந்தப் பூஞ்சை இவ்வளவு வேரூன்ற வழிவிட்டன என்று தோல் டாக்டர்கள் பலர் கருதுகிறார்கள். தினம் பார்க்கிறதை வைத்து, எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

இந்தப் புது இனத்தை மைக்ரோஸ்கோப்பில் அதன் உறவினர்களிடமிருந்து பிரிக்க முடியாது. வளர்த்துப் பார்த்தாலும் கஷ்டம்தான். வளர்ப்பதற்கு நாங்கள் பயன்படுத்துவது சபூரோ அகர். பாரிஸில் நூறு வருடத்துக்கு முன் சபூரோ என்ற மருத்துவர் உருவாக்கிய, பூஞ்சைக்குத் தீனி போட்டு வளர்க்கிற கலவை; சர்க்கரையும் பெப்டோன் என்ற புரதச் சத்தும்தான். நான்கு வாரம் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் இங்கே அந்த ஆள் வேறு கம்பெனிக்கோ வேறு ஊருக்கோ போயிருப்பார். பி.சி.ஆர். வந்த பிறகு ஓரிரு நாளில் விடை கிடைக்கிறது. ஐ.டி.எஸ். என்று சொல்லப்படும் டி.என்.ஏ. பகுதியின் எழுத்து வரிசையைப் படித்தால் இனம் துல்லியமாகத் தெரிகிறது. இதற்கும் ஒரு படி மேலே போய், வளர்க்காமலே, தோல் செதிலிலிருந்து நேராக அந்த 397-ஆம் இடத்து மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கிற பி.சி.ஆர். முறைகளும் ஆய்வகங்களில் வந்துவிட்டன. டெர்பினஃபைன் கேட்குமா, இட்ராகொனசோல் என்ற வேறு பூஞ்சை மருந்துக்குப் போக வேண்டுமா என்று மாத்திரை எழுதும் முன்பே தெரிந்துவிடும். எனக்கு ஆசை ஆசையாக இருப்பது இதைப் பார்த்துத்தான்.

டி.என்.ஏ.வைப் பெருக்கிப் பார்க்க லாம்ப் (LAMP) என்று இன்னொரு முறை இருக்கிறது, 2000-ல் ஜப்பானில் வெளியானது. பி.சி.ஆர். மாதிரி சூட்டை ஏற்றி இறக்க வேண்டியதில்லை; 60 முதல் 65 டிகிரிக்குள் ஒரே சூட்டில் வைத்தால் டி.என்.ஏ. பெருகும். விலை உயர்ந்த மெஷின் தேவையில்லை. காசநோய்க்கு இதைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-ல் சொல்லியிருக்கிறது. படர்தாமரைப் பூஞ்சைகளுக்கும் ஆய்வு அளவில் செய்து பார்த்திருக்கிறார்கள். எங்கள் லேப் அளவுக்கு உள்ள இடங்களுக்கு வந்து சேரக்கூடிய தொழில்நுட்பம் என்றால் இதுதான் என்று நினைக்கிறேன்.

வெளிச்சத்தை வைத்துப் பார்க்கிற முறைகளும் உண்டு. உட்ஸ் விளக்கு பழையது. 1903-ல் உட் என்ற இயற்பியலாளர் செய்தது. இருட்டறையில் அந்தப் புற ஊதா வெளிச்சத்தைக் காட்டினால் சில தலைப்பூஞ்சைகள் பச்சையாக ஒளிரும். உடம்பில் வருகிற சாதாரணப் படர்தாமரை ஒளிராது. ஆனால் தொடையிடுக்கில் படர்தாமரை மாதிரியே இருக்கிற எரித்ராஸ்மா என்ற பாக்டீரியா நோய் பவளச் சிவப்பில் மின்னும். அதற்கு வேண்டியது பாக்டீரியாவுக்கான மருந்து. பார்ப்பதற்கு முன் அந்த இடத்தைத் தேய்த்துக் குளித்துவிட்டால் மின்னாமல் போய்விடும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். டெர்மோஸ்கோப் இன்றைக்குப் பல தோல் டாக்டர்கள் கையில் இருக்கிறது. விளக்கு வைத்த பூதக்கண்ணாடி, அவ்வளவுதான். அதில் பூனைமுடி உடைந்தோ வளைந்தோ தெரிந்தால் பூஞ்சை முடிக்குள்ளும் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படிப் புகுந்துவிட்டால் வெறும் பூச்சு போதாது, மாத்திரை வேண்டும். 1990-களில் அமெரிக்காவில் மிலிந்த் ராஜாத்யக்ஷாவும் அவருடன் வேலை செய்தவர்களும் உருவாக்கிய கன்ஃபோகல் மைக்ரோஸ்கோப் இதைவிட அற்புதமானது. லேசரை வைத்து, சுரண்டாமலே, உயிருள்ள தோலுக்குள் செல் செல்லாகப் பார்க்கலாம். பூஞ்சை இழை ஓடுவதும் அதில் தெரியும். விலையைக் கேட்டால் நம் பக்கம் வருவது இப்போதைக்குச் சிரமம்.

அப்புறம் போனில் படம் எடுத்தால் நோயைச் சொல்லிவிடும் செயற்கை நுண்ணறிவு. 2017-ல் ஸ்டான்ஃபோர்டு குழு 1,29,450 படங்களைக் கொடுத்துப் பயிற்றுவித்த கணினி நிரல், தோல் புற்றுநோயைப் பிரிப்பதில் 21 தோல் டாக்டர்களுக்குச் சமமாகச் செய்தது. உலகமே வியந்தது. 2022-ல் அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொக்ஸானா தானேஷ்ஜோவும் மற்றவர்களும் வேறொரு சோதனை செய்தார்கள். வெளிர் தோல், கருந்தோல் இரண்டும் கலந்த 656 படங்களை, நோய் இன்னதென்று திசுப் பரிசோதனையில் உறுதி செய்தவற்றை, அப்படிப்பட்ட நிரல்களுக்குக் கொடுத்தார்கள். கருந்தோலில் நிரல்கள் தடுமாறின. அதே படங்களில் ஒரு பகுதியைக் கொண்டு மறுபயிற்சி கொடுத்ததும் அந்த இடைவெளி குறைந்தது. கோளாறு கணினியில் இல்லை, அதற்குக் காட்டிய தோலில்தான்.

நம் தோலில் படர்தாமரை புத்தகத்தில் போட்டிருக்கிற சிவப்பு வளையமாக வருவதில்லை. ஓரம் பழுப்பாக, சாம்பலாக, சில சமயம் ஊதா கலந்து இருக்கும். ஆறின பிறகும் கருமை மாதக்கணக்கில் தங்கிவிடும். இது எல்லாருக்கும் தெரிய வேண்டிய விஷயம். பூஞ்சை போயாயிற்று, நிறம் மட்டும் நிற்கிறது. “இன்னும் போகலீங்க” என்று அந்தக் கருமையின் மேல் டியூப்பைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறவர்கள் எத்தனையோ பேர். இதிலும் ஒரு சுரண்டல், ஒரு ஸ்லைடு போதும். இழை இல்லை என்றால் நிம்மதியாக மருந்தை நிறுத்த டாக்டர் சொல்லிவிடுவார். கரூர், ஈரோடு, கோவை, சேலம் பக்கத்து மருத்துவக் கல்லூரிகளில் தினமும் வருகிற தோல்களைப் படமெடுத்து, முகம் தெரியாமல், சம்மதம் வாங்கி, ஸ்லைடு முடிவோடு சேர்த்து வைத்தாலே நம் தோலை அறிந்த ஒரு நிரலுக்கு அடித்தளம் போட்டுவிடலாம். அதை வெளியிலிருந்து யாரும் வந்து செய்து கொடுக்க மாட்டார்கள்.

பணம் எங்கே போகிறது என்றும் யோசிக்கிறேன். 2024 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கையடக்கக் கருவி ஒன்று ஒளிச் சிதறலை வைத்துத் தோல் புற்றுநோயைச் சந்தேகிக்கச் சொல்கிறது. அவர்களுக்கு அது பெரிய பிரச்சினை, செய்கிறார்கள். 2022-ல் உலக சுகாதார நிறுவனம் கவனம் செலுத்த வேண்டிய 19 பூஞ்சைகளைப் பட்டியலிட்டது. படர்தாமரைப் பூஞ்சை அதில் இல்லை. உயிரை எடுக்காதே, அதனால் இருக்கும். 2025 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை தோல் நோய்களை உலகப் பொதுச் சுகாதாரத்தின் முன்னுரிமை என்று தீர்மானம் போட்டதைப் படித்தபோதுதான் கொஞ்சம் தெம்பு வந்தது. பனியன் கம்பெனிகள் நிறைந்த ஊரில், தொழிலாளிகள் வந்துபோகிற ஒவ்வொரு டிஸ்பென்சரியிலும் ஒரு மைக்ரோஸ்கோப், ஒரு பாட்டில் கரைசல், பயிற்சி பெற்ற ஒரு பிள்ளை இருந்தால் போதும் என்பது என் கோரிக்கை. பி.சி.ஆர். அப்புறம் வரட்டும்.

வீட்டு வைத்தியம் பற்றிக் கேட்பவர்களுக்கு: சீமை அகத்தி இலையில் பூஞ்சையை எதிர்க்கும் பொருட்கள் இருப்பது உண்மை. ஆனால் பூண்டை அரைத்துக் கட்டுவதும் மண்ணெண்ணெய் தடவுவதும் தோலை வேகவைத்துவிடும். அப்படி வெந்துபோன இடத்தைச் சுரண்டவும் முடியாது, ஸ்லைடில் எதுவும் தெளிவாகத் தெரியாது. வெளுத்துப்போய் உணர்ச்சியில்லாமல் மரத்துப்போன தேமல் இருந்தால், அது வேறு விஷயம். தாமதிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். தொழுநோயாக இருந்தால் மருந்து இலவசம், முழுசாகக் குணமாகும்.

துணி விஷயத்தில் எனக்குத் தெரிந்தது இவ்வளவு. 60 டிகிரி சூட்டில் துவைத்தால் பூஞ்சை அழிகிறது, சாதாரணத் தண்ணீரில் துவைத்தால் மிஞ்சி நிற்கிறது என்று துணிகளில் செய்த சோதனைகள் காட்டுகின்றன. உள்ளாடையையும் துண்டையும் மற்றவர்கள் துணியோடு சேர்க்காமல் கொதித்த தண்ணீரில் ஊறவைத்துத் துவைத்து, வெயிலில் உலர்த்தி, உள்பக்கத்தை வெளியே திருப்பி, தையல் ஓரத்தில் இஸ்திரி போடுங்கள். அயனிங் செக்‌ஷன் ஆட்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் கேட்டுக்கொள்வது: டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, வருவதற்குச் சில நாள் முன்பே பூச்சை நிறுத்திவிடுங்கள். அன்றைக்குப் பவுடர், எண்ணெய் எதுவும் வேண்டாம். இதுவரை பூசின டியூப் காலியாக இருந்தாலும் பையில் போட்டு எடுத்துவாருங்கள். சோன் என்று முடிகிற பெயரோ குளோபெட்டசாலோ அதில் இருந்தால் டாக்டரிடம் முதலில் அதைக் காட்டுங்கள். வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் அரிப்பு இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஒருவருக்கு மட்டும் பார்த்தால் மறுபடி மறுபடி தொற்றும். மறைவான இடம் என்றால் கூசாமல் சொல்லுங்கள், பெண்களுக்குப் பெண்களே எடுப்போம். திருப்பூர், கோவை, பெருந்துறை, கரூர், நாமக்கல், சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது, காலையிலேயே போய்விட்டால் நல்லது. ஸ்லைடு போட்டுப் பார்க்க அரைமணி நேரம் ஆகும். அரை நாள் லீவு போட்டால் போதும்.